விழிக்குள் விளக்கேற்றிய ஹெல்ம்ஹோல்ட்ஸ்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

இயற்பியல் செய்முறை வகுப்பில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கால்வனாமீட்டரைத் தொடாத மாணவர் இரார். இரண்டு கம்பிச் சுருள்கள், நடுவே ஒரு காந்த ஊசி. அளவெடுத்து, அட்டவணை போட்டு, ஆசிரியரிடம் கையொப்பம் வாங்கியதும் அந்தப் பெயரை மறந்து விடுகிறோம். அந்தப் பெயருக்குரியவர் பட்டம் பெற்ற மருத்துவர் என்பதும், படைப்பிரிவில் அறுவை மருத்துவராய் இருந்து சம்பளம் வாங்கியவர் என்பதும், உயிருள்ள மனிதனின் விழித்திரையை அதில் படர்ந்திருக்கும் குருதி நாளங்களோடு தெளிவாகக் கண்டறிய உலகுக்கு வழி காட்டியவர் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சர்க்கரை நோயாளியின் கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சி, அவருக்கே தெரியாத கேட்டை மருத்துவர் முன்கூட்டியே கண்டு சொல்கிறாரே, அந்தக் கலை இவரிடமிருந்து தொடங்கியது.

ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1821-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 அன்று பெர்லினை அடுத்த பாட்ஸ்டாம் நகரில் பிறந்தார். தந்தையார் பெர்டினாண்ட் அவ்வூர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். மொழியும் தத்துவமும் அவருக்கு உயிர். வீட்டில் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை, பணத்துக்குத்தான் பஞ்சம். குழந்தை நோஞ்சான். பள்ளியிலும் சிறுவனுக்கு மனப்பாடம் வராது. இலத்தீன் வகுப்பில் மற்றவர்கள் சிசரோவையும் வெர்ஜிலையும் படித்துக்கொண்டிருக்க, இவன் மேசைக்கு அடியில் தொலைநோக்கியில் ஒளிக்கதிர் செல்லும் பாதையைக் கணக்கிட்டுக் கொண்டிருப்பானாம். பழைய மூக்குக்கண்ணாடி வில்லைகளையும், தந்தை செடிகொடிகளைப் பார்க்க வைத்திருந்த சிறு உருப்பெருக்கியையும் கொண்டு தானே கருவி செய்து பார்ப்பானாம். இவற்றைப் பிற்காலத்தில், எழுபதாம் பிறந்தநாள் விழாவில், அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த மூக்குக்கண்ணாடி வில்லையை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அது பின்னால் மீண்டும் வரும்.

பள்ளி முடிந்ததும் இயற்பியல் படிக்க வேண்டும் என்று மகன் கேட்டான். அந்தப் படிப்பை நம்பி வயிறு வளர்க்க முடியாது. அதற்குப் பணம் கட்டவும் இயலாது என்று தந்தை கையை விரித்தார். ஆனால் ஒரு வழி இருந்தது. பெர்லினில் அரசின் படை மருத்துவக் கல்லூரியில் செலவின்றி மருத்துவம் படிக்கலாம். அதற்கு ஈடாக எட்டு ஆண்டுகள் படையில் மருத்துவராகப் பணி செய்ய வேண்டும். மருத்துவத்தோடு சேர்த்து வேண்டிய அளவு இயற்கை அறிவியலையும் படித்துக்கொள் என்றார் தந்தை. 1838-இல், 17 வயதில், ஹெல்ம்ஹோல்ட்ஸ் அந்த ஒப்பந்தத்துக்குத் தலை கொடுத்தார். கேட்ட பாடம் ஒன்று, கிடைத்த பாடம் ஒன்று என்பது அரசு கல்லூரியில் படிக்கும் நமக்குப் புதிய கதையன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். விண்ணப்பத்தில் எந்தப் பாடத்தை முதலில் எழுதுவது என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. எந்தப் படிப்பு சீக்கிரம் வேலை தரும் என்று கேட்கத்தான் ஆள் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? பெர்டினாண்டையும் குறை சொல்ல முடியாது.

கல்லூரியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. நூலகத்தில் உதவியாளராக இருந்தபோது ஆய்லர், லாக்ராஞ்சு முதலியோரின் கணித நூல்களை ஆசிரியர் துணையின்றித் தாமே படித்தார். 1841-இல் டைபஸ் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் படுத்தார். மாணவர் என்பதால் மருத்துவத்துக்குக் கட்டணம் இல்லை. படுத்துக்கிடந்த நாட்களில் செலவாகாமல் மிஞ்சிய உதவித் தொகையைச் சேர்த்து, எழுந்ததும் ஒரு நுண்ணோக்கி வாங்கினார். அது சிறந்த கருவியன்று. ஆனாலும் 1842-இல் அவருக்கு மருத்துவப் பட்டம் பெற்றுத் தந்த நரம்பு ஆராய்ச்சி அதைக் கொண்டே நடந்தது. காய்ச்சல் வந்ததால் ஆராய்ச்சியாளர் ஆனவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்!

பேராசிரியர் யோகான்னஸ் மியூல்லரின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு இரு நல்ல நண்பர்கள் கிடைத்தார்கள். ஒருவர் துபுவா ரேமோன்; மற்றவர் எர்ன்ஸ்ட் புரூக்கே. உயிருக்கென்று தனி விசை ஏதுமில்லை, இயற்பியலும் வேதியியலும் சொல்லும் விசைகளே உடலிலும் இயங்குகின்றன என்பது இந்த இளைஞர்களின் கொள்கை. பாட்ஸ்டாம் படை முகாமில் மருத்துவராய் இருந்துகொண்டே இதைப் பற்றி எண்ணியதன் பயன்தான் ஆற்றல் அழிவின்மை விதி பற்றிய அவருடைய கட்டுரை. 1847 சூலை 23 அன்று பெர்லின் இயற்பியல் கழகத்தில் 25 வயது மருத்துவர் அதைப் படித்தார். அக்காலத்தின் முதன்மையான இயற்பியல் இதழ் அதை வெளியிட மறுத்தது. ஆகவே தனிச் சிறு நூலாக அச்சிட்டார். மாயர், ஜூல் ஆகியோரின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்து நாம் அவ்விதியைப் படிக்கிறோம். இதைப் பற்றிப் பாடநூலில் நிறையவே இருப்பதால் இங்கே நீட்டவில்லை.

அறிஞர் ஹம்போல்ட் பரிந்துரைக்கவே எட்டு ஆண்டு ஒப்பந்தத்தில் மீதியைத் தள்ளுபடி செய்து 1848-இல் அவரைப் படையிலிருந்து விடுவித்தார்கள். அடுத்த ஆண்டு கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் ஆசிரியர் பதவி கிடைத்தது. அந்நகர் இன்று கலினின்கிராட் என்ற பெயரில் ருஷ்யாவில் இருக்கிறது. அதே ஆண்டில் ஓல்கா என்னும் நங்கையை மணந்தார். நரம்பில் செய்தி பாயும் வேகத்தை அளக்கவே முடியாது என்று ஆசிரியர் மியூல்லர் கருதியிருந்தார். மாணவர் தவளையின் நரம்பை எடுத்து, அது நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர்தான் என்று 1850-இல் அளந்து காட்டிவிட்டார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் வந்ததுதான் நம் கதையின் நடுநாயகம்.

கண்ணின் நடுவே உள்ள பாவை ஏன் கருப்பாக இருக்கிறது? உள்ளே இருட்டு என்பதால் என்று எண்ணத் தோன்றும். அன்று பலரும் அப்படித்தான் எண்ணினார்கள். விழித்திரை தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பத்தான் செய்கிறது. ஆனால் எந்த வழியாக ஒளி உள்ளே போனதோ அதே வழியாகவே வெளியே வருகிறது. அதாவது விளக்குக்கே திரும்பிச் செல்கிறது. அந்த ஒளியைக் காண வேண்டுமானால் நம் கண் விளக்கு இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். அங்கே தலையை நீட்டினால் விளக்கை மறைத்து விடுகிறோம்! இரவில் பூனைக் கண் மின்னுவதை அறிந்தவர்கள்கூட இந்த முட்டுக்கட்டையைத் தாண்டவில்லை. நண்பர் புரூக்கே 1847-இல் விளக்கையும் தம் கண்ணையும் ஏறத்தாழ ஒரே கோட்டில் வைத்து மனிதக் கண்ணைச் செந்நிறமாய் ஒளிரச் செய்தார். ஆனால் திரும்பி வரும் அந்தக் கதிர்கள் எங்கே, எத்தகைய பிம்பத்தை உண்டாக்கும் என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. புரூக்கே மயிரிழையில் தவறவிட்டார் என்று ஹெல்ம்ஹோல்ட்ஸே பின்னாளில் சொன்னார்.

அந்தக் கேள்வி ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு எழுந்தது வகுப்பறைக்காகத்தான். புரூக்கேயின் சோதனையை மாணவர்களுக்கு விளக்கப் பாடம் தயாரிக்கும்போது உதித்தது அது. விடை எளியது. விளக்கைப் பக்கவாட்டில் வை. கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்த்துப் பிடி. விளக்கொளியின் ஒரு பகுதி தகட்டில் பட்டுத் திரும்பி நோயாளியின் கண்ணுக்குள் நுழையும். அங்கிருந்து அதே வழியில் திரும்பும் ஒளியில் ஒரு பங்கு தகட்டை ஊடுருவி, பின்னால் இருக்கும் உன் கண்ணை வந்தடையும். ஒருங்கு குவியும் கதிர்களைச் சீராக்க ஒரு குழிலென்ஸ் போதும். அவ்வளவுதான்!

செய்து பார்த்தது எதைக் கொண்டு? அட்டை, பசை, நுண்ணோக்கியின் மூடு கண்ணாடிகள், பிறகு மூக்குக்கண்ணாடி வில்லைகள். பாட்ஸ்டாம் சிறுவனின் அதே சரக்கு! ஏறக்குறைய எட்டு நாட்கள் பிம்பம் பிடிபடாமல் போக்குக் காட்டியது. கிடைத்தே தீர வேண்டும் என்று கொள்கை அளவில் உறுதியாக அறிந்திராவிட்டால் இடையிலேயே விட்டிருப்பேன் என்று அவர் பின்னர் ஒப்புக்கொண்டார். எட்டு நாட்களின் முடிவில், செம்மஞ்சள் தரையில் மரக்கிளைகள்போல் பிரிந்து ஓடும் சிவப்பு நாளங்களோடு, உயிருள்ள மனிதனின் விழித்திரை அவர் கண்முன் விரிந்தது.

இயற்பியல் மாணவர்களுக்காக ஒன்று சொல்லிவிட வேண்டும். ஒரு தகடு போதிய ஒளி தராது என்று சில தகடுகளை அடுக்கியவர், அவற்றைச் சுமார் 56 பாகைக் கோணத்தில் சாய்த்தார். கண்ணாடிக்குப் புரூஸ்டர் கோணமும் ஏறத்தாழ அதுவே. அக்கோணத்தில் எதிரொளித்த ஒளி தளவிளைவு பெறும். கண்ணின் முன்புறப் படலத்தில் பட்டு நேரே திரும்பும் கூச்சவொளி அந்தத் தளவிளைவு மாறாமல் வருவதால் தகடுகளைக் கடக்க முடியாமல் பெரும்பாலும் விளக்குப் பக்கமே திருப்பிவிடப்படும். விழித்திரையில் பட்டுச் சிதறி வரும் ஒளியோ தளவிளைவை இழந்து வருவதால் அதில் ஒரு பங்கு கடந்து வரும். நாம் 5 மதிப்பெண் வினாவுக்காகப் படிக்கும் விதி ஒரு மருத்துவக் கருவியில் இப்படி வேலை செய்திருக்கிறது.

1850 டிசம்பர் 6 அன்று பெர்லின் இயற்பியல் கழகத்தில் இது அறிவிக்கப்பட்டது. அதே மாதம் தந்தைக்கும் ஒரு கடிதம் எழுதினார். பள்ளியில் கற்ற ஒளியியலுக்கு மேல் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. இத்தனை நாள் மற்றவர்களும் நானும் இதைக் காணாமல் மந்தமாய் இருந்தது இப்போது சிரிப்பாக இருக்கிறது என்பது அதன் கருத்து. பள்ளிக்கூட ஆசிரியராகவே இருந்த தந்தை, இயற்பியலுக்குப் பணம் கட்ட முடியாத தந்தை, அக்கடிதத்தை எத்தனை முறை படித்திருப்பார்! 1851-இல் சிறு நூலாக வெளிவந்த அந்த ஆய்வில் கருவிக்கு அவர் இட்ட ஜெர்மன் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'கண் ஆடி' என்று வருகிறது. நாம் மூக்கில் மாட்டும் பொருளுக்கு அப்பெயரைக் கொடுத்துவிட்டதால் ஆப்தல்மாஸ்கோப் என்றே சொல்லி வருகிறோம்.

மருத்துவ உலகம் உடனே மாலை போட்டுவிடவில்லை. நோயுற்ற கண்ணில் ஒளியைப் பாய்ச்சுவது ஆபத்து, தொடவே மாட்டேன் என்றார் ஓர் அறுவை மருத்துவர். கண்பார்வை மங்கிய மருத்துவர்களுக்கு வேண்டுமானால் உதவும், எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்றார் இன்னொருவர். ஆனால் பெர்லினில் ஆல்பிரெக்ட் ஃபான் கிராஃபே என்ற இளம் கண் மருத்துவர் கருவியின் அருமையை உணர்ந்து பற்றிக்கொண்டார். கோனிக்ஸ்பர்க் கருவிப் பணியாளர் ரெக்கோஸ் சுழலும் வட்டில் பல லென்சுகளைப் பொருத்தி 1852-இல் அதை மேலும் வசதியாக்கினார். சில ஆண்டுகளில் ஐரோப்பாவின் கண் மருத்துவர் கைகளில் எல்லாம் அது இருந்தது.

அடுத்து நடந்தது நம் வீடுகளோடு தொடர்புடையது. வியன்னாவில் எட்வர்ட் யேகர் என்பவர், கருவி வழியே தாம் கண்ட விழித்திரைகளைப் பொறுமையாக அமர்ந்து வண்ணத்தில் வரைந்து வைப்பவர். 1855-இல் நீரிழிவு நோயாளி ஒருவரின் விழித்திரையில் மஞ்சள் புள்ளிகளையும் குருதிக் கசிவுகளையும் கண்டு எழுதினார். சர்க்கரை நோயையும் விழித்திரையையும் இணைத்த முதல் பதிவு அதுவே. விந்தை என்னவென்றால், கருவியை முதலில் வரவேற்ற கிராஃபேயே இந்தத் தொடர்பை ஏற்கவில்லை. போதிய சான்று இல்லை என்றார். கண் மருத்துவர் ஹிர்ஷ்பெர்க் 1890-இல் இதைத் தனி நோயாக விளக்கும்வரை வாதம் ஓயவில்லை.

என்னதான் நடக்கிறது அந்த நாளங்களுக்கு? குருதியில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்தே இருந்தால் மயிரினும் மெல்லிய தந்துகிகளின் சுவரைத் தாங்கும் செல்கள் அழிகின்றன. தாங்குவார் இல்லாத சுவர், பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பதுபோல், சிறு பைகளாய்ப் புடைக்கிறது. அதிலிருந்து நீரும் கொழுப்பும் குருதியும் கசிகின்றன. கசிவு பார்வையின் மையப்பகுதியில் தேங்கினால் எழுத்து மங்கும். வேறு தந்துகிகள் அடைத்துப் போகின்றன. உயிர்வளி கிடைக்காத விழித்திரை புதிய நாளங்களை வளர்க்கும்படி ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. அழைப்பை ஏற்று நாளங்கள் முளைக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை வலுவற்றவை, முளைக்கக் கூடாத இடத்தில் முளைப்பவை. ஒருநாள் அவை வெடித்து, கண்ணை நிறைத்திருக்கும் தெளிந்த கூழில் குருதி கலக்கிறது. வடு சுருங்கி விழித்திரையையே இழுத்துப் பெயர்ப்பதும் உண்டு. இதில் பெரும்பகுதி வலியில்லாமல், பார்வை குறையாமல் நடக்கிறது என்பதுதான் கொடுமை.

என் பெரியப்பா சந்தையில் மூட்டை தூக்குபவர். சர்க்கரை வந்து பன்னிரண்டு ஆண்டுகள். கண் முகாமுக்குக் கூப்பிட்டபோதெல்லாம், தொலைவில் வரும் பேருந்தின் எண்ணைப் படித்துக் காட்டிவிட்டு, எனக்கெதற்கு முகாம் என்று போய்விடுவார். ஒருநாள் காலை இடக்கண்ணில் சிலந்தி வலைபோல் கருப்பாய் எதுவோ தொங்குகிறது என்றார். மாலைக்குள் அந்தக் கண்ணில் இருட்டு. வலக்கண்ணில் பார்வைக் குறையே இல்லை. ஆனால் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துக் கருவியால் பார்த்தபோது அங்கும் புது நாளங்கள் முளைத்திருந்தன. லேசர் செய்தார்கள். இன்றும் பேருந்து எண்ணைப் படிப்பது அந்த ஒரு கண்தான். எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்ற அந்த மருத்துவரைப் பற்றிப் படித்தபோது பெரியப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் வாழ்ந்த காலத்தில் இந்தக் கேட்டைக் காண முடிந்ததே தவிரத் தடுக்க வழியில்லை. 1922-இல் இன்சுலின் வந்தது. அதுவரை விரைவில் இறந்துபோன நோயாளிகள் நெடுநாள் வாழத் தொடங்கினர். நெடுநாள் வாழ்ந்ததாலேயே கண் கெடுவதும் பெருகியது. ஜெர்மனியின் மையர் ஷ்விக்கெராத், 1945 சூரிய கிரகணத்தைப் பார்த்துக் கண்ணில் சூடுபட்டவர்களின் வடுவைக் கண்டு, ஒளியாலேயே விழித்திரைக்கு மருத்துவம் செய்யலாம் என்று தொடங்கினார். பிறகு லேசர் வந்தது. அது கடும் பார்வையிழப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கிறது என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 1976-இல் நிலைநாட்டியது. புது நாளங்களைத் தூண்டும் வேதிப்பொருளை அடக்கும் ஊசிகள் 2000-க்குப் பின் வந்தவை. எந்த மருத்துவமானாலும் முதலில் உள்ளே பார்த்தாக வேண்டும்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணோடு நின்றுவிடவில்லை. 1855-இல் பான், 1858-இல் ஹைடல்பர்க் என்று பல்கலைக்கழகங்கள் அவரை அழைத்தன. 1859 துயர ஆண்டு: தந்தையும், நோய்வாய்ப்பட்டிருந்த மனைவி ஓல்காவும் அவ்வாண்டில் மறைந்தனர். 1861-இல் அன்னாவை மணந்தார். 1856 முதல் 1867 வரை வெளியான அவருடைய ஒளியியல் பெருநூல் பார்வை பற்றிய அறிவுக்கு அடித்தளம். 1863-இல் வந்த இசையொலி பற்றிய நூலோ நம் திருச்சி மண்ணில் பிறந்த சர். சி. வி. இராமனை இளமையில் ஆட்கொண்டது. தம்மை உருவாக்கிய நூல்களுள் ஒன்றாக இராமன் அதைக் குறிப்பிட்டார். 1871-இல், தம் ஐம்பதாவது வயதில், பெர்லின் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். பதினேழு வயதில் கேட்டது முப்பத்து மூன்று ஆண்டு கழித்துக் கிடைத்தது! மின்காந்த அலைகளைக் கண்ட ஹெர்ட்ஸ் அங்கே அவருடைய மாணவர்.

1886-இல் ஹைடல்பர்க்கில் கண் மருத்துவர்கள் கூடி, மறைந்த கிராஃபேயின் பெயரால் அமைந்த பதக்கத்தை முதன்முதலாக ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு அணிவித்தனர். பதிலுரையில் அவர் ஒரு கதை சொன்னார். கிரேக்கச் சிற்பி பிடியாஸின் காலம்வரை பளிங்கைச் செதுக்கும் உளியே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கொல்லன் எஃகு உளி செய்து கொடுக்கிறான். சிற்பி அதைக் கொண்டு அரிய சிலைகளைப் படைக்கிறான். ஊரார் கொல்லனை அழைத்து மாலையிட்டால், அவன் கூச்சத்தோடு, சிலை செய்தது நானல்லேன் என்றுதானே சொல்வான்? அந்தக் கொல்லன் நான் என்றார்.

அவையில் இருந்த மருத்துவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்களோ இல்லையோ, என்னால் ஏற்க முடியவில்லை. கொல்லன் உளியைச் செய்தான்; சிலையைப் பார்க்கவில்லை. இவரோ செய்ததோடு, அதில் முதலில் பார்த்தும் இருக்கிறார்.

1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குச் சென்று கப்பலில் திரும்புகையில் படிக்கட்டில் விழுந்து அடிபட்டார். அதன்பின் உடல் பழைய நிலைக்கு வரவில்லை. 1894 செப்டம்பர் 8 அன்று பெர்லினை ஒட்டிய சார்லட்டன்பர்க்கில் காலமானார். இன்று மருத்துவர் சட்டைப் பையில் செருகி வைக்கும் சிறிய ஆப்தல்மாஸ்கோப்பில் விளக்கும் மின்கலமும் மாறிவிட்டன. கண்ணாடித் தகட்டின் இடத்தில் சிறு ஆடியோ முப்பட்டகமோ இருக்கும். அதன் பக்கத்தில் விரலால் திருப்பும் லென்ஸ் வட்டு மட்டும் ரெக்கோஸ் செய்து கொடுத்த அதே வட்டுதான்.